தூரிகை எழுத்துரு: ‘மன்னார்குடி’யைச் சரியாக எழுதுமா?

காபிக்கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, வெற்றிலைக் கட்டின் லேபிள், நாதசுரக் கச்சேரி நோட்டீஸ் என்று டெல்டாவில் டிடிபி (கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கும்) வேலைக்கு உட்காரும் எவருக்கும் முதல் மாதத்திலேயே ஒரு கோரிக்கை வந்துவிடும்: “பிரஷ்ல எழுதின மாதிரி வேணும்.” அந்த ‘மாதிரி’யை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. ஃபாண்ட்டை இறக்கி, பெயரைத் தட்டி, சிவப்பு வண்ணம் கொடுத்து அனுப்பினால் நாலு முறைக்கு மூன்று முறை வேலை திரும்பி வரும். ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள, எழுத்தின் உருவத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கோடு எப்படித் தடிக்கிறது

தூரிகை எழுத்துருக்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. கூர்நுனித் தூரிகையில் தடிமன் அழுத்தத்தால் வருகிறது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் கோடு பருக்கும், மேலே ஏறும்போது கையை லேசாக்கினால் மெலியும். பட்டைத் தூரிகையில் அழுத்தத்துக்கு வேலை குறைவு, தடிமனைக் கோணம்தான் தீர்மானிக்கிறது. 10 மில்லிமீட்டர் அகலத் தூரிகையை 30 பாகை சாய்த்துப் பிடித்தால் நெட்டுக்கோடு ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டரும் படுக்கைக்கோடு 5 மில்லிமீட்டரும் வரும். லாரியிலும் கடைச் சுவரிலும் எனாமல் பெயிண்ட்டில் எழுதிய ஓவியர்களின் ‘ப’, ‘ம’ நிமிர்ந்து நிற்பதுபோல் தெரிவதற்கு இதுதான் காரணம். மூன்றாவது வகை உலர் தூரிகை. மை பாதி தீர்ந்த தூரிகை இழுபடும்போது கோட்டுக்குள் வெள்ளை வரிகள் விழுமே, அந்தத் தோற்றம். பார்க்க அழகு, அச்சில் அதிகம் படுத்துவதும் இதுதான்.

ஆங்கிலத்தில் இந்த வகையில் பெயர் பெற்ற பழைய எழுத்துரு பிரஷ் ஸ்கிரிப்ட். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஸ்மித் வரைந்து 1942இல் வந்தது. அதில் ஒவ்வொரு சின்ன எழுத்தும் வலப்பக்கம் முடிகிற உயரத்தில்தான் அடுத்த எழுத்து இடப்பக்கம் தொடங்கும். அதனால் தனித்தனி எழுத்துகள் கோத்து எழுதியதுபோல் ஒட்டிக்கொள்கின்றன. 1953இல் ரோஜே எக்ஸ்கோஃபோன் வரைந்த மிஸ்ட்ரல் இன்னும் கிறுக்கலான கையெழுத்தையே ஒட்ட வைத்துக் காட்டியது.

தமிழில் இந்த ஒட்டல் கணக்கு அப்படியே செல்லாது. தமிழைக் கோத்து எழுதும் பழக்கம் நமக்கில்லை. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானபோதும் எழுத்துகள் தனித்தனி ஈய அச்சுகளாகவே நின்றன, கையெழுத்திலும் அப்படித்தான். ஆகவே நல்ல தமிழ்த் தூரிகை எழுத்துரு எழுத்துகளை வலுக்கட்டாயமாகப் பிணைக்காது. தடிமன் மாற்றம், லேசான சாய்வு, ‘க’, ‘த’, ‘ர’ ஆகியவற்றின் வால் ஓட்டம், அடிக்கோட்டில் சற்றே ஏறி இறங்கும் துள்ளல் ஆகியவற்றில்தான் தூரிகைத்தனத்தைக் காட்டும். ஆங்கில ஃபாண்ட்டைப் பார்த்து எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய தமிழ் ஃபாண்ட் கிடைத்தால் தள்ளி வைத்துவிடுங்கள், அதில் கால் எது, ‘ர’ எது என்று தெரியாது.

ஊர்ப் பெயர்களை வைத்துச் சோதிப்பது

ஃபாண்ட்டை வாங்குவதற்கு முன்போ இறக்கியவுடனோ ‘அ ஆ இ ஈ’ தட்டிப் பார்ப்பதில் பயனில்லை. தனி எழுத்து எல்லா ஃபாண்ட்டிலும் அழகாகத்தான் இருக்கும். டெல்டா ஊர்ப் பெயர்களைத் தட்டுங்கள். இதைவிடக் கறாரான பரிசோதனை வேறு இல்லை.

*மன்னார்குடி.* இதில் காலும் ‘ர்’ உம் அடுத்தடுத்து வருகின்றன. பட்டைத் தூரிகைச் சாயலில் காலின் அடியில் சின்ன வால் வைப்பது பல ஃபாண்ட்களின் வழக்கம். வைத்தால் கால் ‘ர’ ஆகிவிடும், சொல் ‘மன்னரர்குடி’ என்று நிற்கும். காலுக்கு வால் இல்லாமலும் ‘ர’வுக்குத் தெளிவான சாய்கால் இருக்கும்படியும் வரைந்த ஃபாண்ட்தான் தேறும். தஞ்சாவூர், திருவாரூர் இரண்டிலும் இதே சோதனையைத் திரும்பச் செய்யலாம்.

*கும்பகோணம்.* மூன்று சுழி ‘ண’வுக்கு இங்கே வேலை. தடித்த தூரிகையில் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபட்டுப் போகும். அடைபட்டால் ‘கும்பகோனம்’. ஃபாண்ட்டை 24 புள்ளி அளவுக்குச் சுருக்கி, ஒரு கை நீளத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று சுழியும் எண்ண முடிந்தால் சரி.

*நாகப்பட்டினம்.* புள்ளிக்கான சோதனை. ‘ப்’, ‘ட்’, ‘ம்’ என்று மூன்று புள்ளிகள். கூர்நுனித் தூரிகையில் புள்ளியைச் சாய்ந்த துளியாக வரைவார்கள். அது எழுத்தின் தலையில் ஒட்டினால் கறைபோல் தெரியும், ரொம்பத் தள்ளி நின்றால் அடுத்த எழுத்துக்குப் போய்விடும்.

*மயிலாடுதுறை.* ‘டு’, ‘து’ இரண்டும் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகிற விதத்தைப் பாருங்கள். இரண்டு வரி எழுதினால் இந்த வால்கள் கீழ் வரியின் ‘றி’, ‘லி’ போன்றவற்றின் மேல்விலங்குகளில் (தலைக்கு மேல் வளையும் கொக்கிகளில்) மோதும். ஃபாண்ட் அளவைவிட வரி இடைவெளியைக் குறைந்தது 30 சதவீதம் கூடுதலாக வைத்துப் பாருங்கள், அப்போதும் மோதினால் அந்த ஃபாண்ட் ஒற்றை வரிக்கு மட்டும்.

கடைசியாக *ஸ்ரீ.* இந்தப் பக்கத்துக் கடைப் பெயர்களில் பாதி ‘ஸ்ரீ’யில்தான் தொடங்கும். யூனிகோடில் (இன்றைய கணினிகளின் பொது எழுத்துக் குறியேற்றத்தில்) இதை ‘ஸ’ வைத்தும் தட்டலாம், பிற்பாடு சேர்ந்த ‘ஶ’ வைத்தும் தட்டலாம். சில ஃபாண்ட்கள் ஒன்றை மட்டுமே கூட்டெழுத்தாக்கும், மற்றதைத் தட்டினால் புள்ளி வைத்த எழுத்தும் ‘ரீ’யும் தனித்தனியாக நிற்கும். இரண்டையும் தட்டிப் பார்த்து எது வேலை செய்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ‘ஜ’, ‘ஷ’, ‘ஹ’, ரூபாய்க் குறி, எண்கள் ஆகியவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாத எழுத்துக்குக் கணினி தானாக விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா போன்ற ஃபாண்ட்டைக் கொண்டுவந்து நடுவில் செருகும். வாடிக்கையாளர் கண்ணில்தான் அது முதலில் படும்.

‘வெற்றிலை’ தட்டும்போது இன்னொன்று. தமிழ்நாடு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பு ‘லை’, ‘ணை’, ‘னை’ ஆகியவை தலையில் தும்பிக்கை சுருண்டதுபோல் எழுதப்பட்டன. சில ஃபாண்ட்கள் அந்தப் பழைய வடிவத்தை மாற்று எழுத்தாக உள்ளே வைத்திருக்கும். பழங்கடை வாசனை வேண்டிய லேபிளுக்கு நன்றாகவே பொருந்தும். பத்திரிகையில் வேண்டாம், இளவட்டம் படிக்கத் திணறும்.

உடையும் கொம்பு

எழுத்துரு நல்லதாக இருந்தும் திரையில் ‘வெ’ என்பது ‘வ’வும் தனிக்கொம்புமாக, நடுவில் ஒரு புள்ளிவட்டத்தோடு வந்தால் ஃபாண்ட்டைத் திட்டாதீர்கள், மென்பொருள் அமைப்பைப் பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ் பகுதியில் டைப் என்பதற்குள் இண்டிக் ஆப்ஷன்ஸைக் காட்டச் சொல்லிவிட்டு, பாராகிராஃப் பலகத்தின் மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைனில் அதற்குப் பெயர் வேர்ல்டு ரெடி கம்போசர். இன்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை, தமிழைத் தானே சரியாகக் கோக்கும்.

பழைய அச்சகக் கணினியில் வேறு சிக்கல். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் காலத்து ஃபாண்ட்களில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். பாமினி அந்த ரகம். அதில் தட்டிய சொல்லை யூனிகோடு ஃபாண்ட்டுக்கு மாற்றினால் புரியாத ஆங்கிலக் குப்பை வரும், யூனிகோடில் தட்டியதைப் பாமினிக்கு மாற்றினால் வேறு எழுத்து வரும் அல்லது கட்டங்கள் வரும். கையில் இருக்கும் தூரிகை ஃபாண்ட் எந்த ரகம் என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, தேவையானால் குறியேற்ற மாற்றி ஒன்றில் உரையை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பிறகு ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள், மாற்றிகள் வழுக்குவது அங்கேதான்.

உரிமத்தைப் பற்றி ஒரு வரி: ‘தனிப்பட்ட உபயோகத்துக்கு மட்டும்’ என்று போட்ட இலவச ஃபாண்ட்டைக் கடைப் பலகைக்குப் பயன்படுத்தக்கூடாது. கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் பசிஃபிகோ, கௌஷான் ஸ்கிரிப்ட் போன்ற ஆங்கிலத் தூரிகை எழுத்துருக்கள் திறந்த உரிமம் கொண்டவை, வணிக வேலைக்கும் ஆகும். அங்கே தமிழுக்குக் கவிவாணர் இருக்கிறது, ஆனால் அது சரிந்த கையெழுத்துச் சாயல், முழுத் தூரிகை அல்ல.

ஒரு பலகையைச் செய்து பார்ப்போம்

10 அடிக்கு 3 அடி பிளக்ஸ். எழுத வேண்டியது ‘கும்பகோணம் டிகிரி காபி’, கீழே தெருப் பெயர், கைபேசி எண்.

1. முதலில் எதைத் தூரிகையில் எழுதப்போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். ‘டிகிரி காபி’ மட்டும். ‘கும்பகோணம்’ தடித்த நேரெழுத்தில் சிறியதாக மேலே இருக்கட்டும். ஒரு பலகையில் இரண்டு சொல்லுக்கு மேல் தூரிகை ஓடினால் எதுவும் முன்னால் நிற்காது. முகவரியும் எண்ணும் எந்தக் காரணத்தாலும் தூரிகையில் வேண்டாம். சுழித்த 1உம் 7உம் மாறிப்போய் ஆர்டர் வேறு யாருக்கோ போகும்.

2. கோப்பை 120 அங்குலத்துக்கு 36 அங்குலமாகத் திறங்கள். படம் சேர்ப்பதாக இருந்தால் முழு அளவில் 72 டிபிஐ போதும், அதாவது 8640க்கு 2592 பிக்சல். எழுத்தைப் படமாக்காமல் கோட்டுருவாகவே (வெக்டர்) வைத்துக்கொள்ளுங்கள்.

3. எழுத்து உயரத்தை ‘ட’வின் உடல் உயரத்தால் அளக்க வேண்டும், விலங்கையும் வாலையும் சேர்க்காமல். பலகைத் தொழிலில் புழங்கும் கணக்கு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். எதிர்ச் சாரியில் வண்டியில் போகிறவர் 60 அடியில் படிக்க வேண்டுமென்றால் நேரெழுத்துக்கு 6 அங்குலம். தூரிகைக்கு அதை ஒன்றரை மடங்காக்கி 9 அங்குலமாவது வையுங்கள். இந்தப் பலகையில் 12 தாராளமாக உட்காரும்.

4. எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைத் தொடாதீர்கள். குறிப்பாக ஆங்கிலத்தில் ஒட்டும் எழுத்துருவாக இருந்தால் டிராக்கிங் (சொல் முழுவதுக்குமான இடைவெளி) சுழியத்திலேயே இருக்க வேண்டும், கெர்னிங் (அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கு இடையிலானது) ‘மெட்ரிக்ஸ்’ஸில். ‘ஆப்டிகல்’ என்று மாற்றினால் ஒட்டும் முனைகள் விலகி, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி தெரியும். ஆங்கிலப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் தட்டுவதும் கூடாது. அந்தப் பெரிய எழுத்துகள் சொல்லின் தலையில் நிற்க வரைந்தவை, ஒன்றோடொன்று ஒட்டாது.

5. இனிதான் நுணுக்கம். ‘டிகிரி காபி’ என்பதில் ஐந்து எழுத்து, அதில் நான்கில் ‘ி’ இருக்கிறது. ‘டி’யின் விலங்கு சற்று வேறு வடிவம். மீதி மூன்றும் ஃபாண்ட்டில் அச்சு அசலாக ஒரே கொக்கி. கையால் எழுதினால் மூன்று கொக்கி ஒரேபோல் வரவே வராது. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ‘ஏதோ கம்ப்யூட்டர் எழுத்து’ என்று தோன்றிவிடும். ஃபாண்ட்டில் உள்ள எல்லா வடிவங்களையும் காட்டும் கிளிஃப் பலகத்தைத் திறந்து மாற்று வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நடுவில் உள்ள ‘ரி’க்கு அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் எழுத்தைக் கர்வ் ஆக்கி (அதாவது ஃபாண்ட்டிலிருந்து விடுவித்து வெறும் வரைகோடாக மாற்றி), கடைசி ‘பி’யின் கொக்கியை மட்டும் வலப்பக்கம் நீட்டி, ‘கி’யின் கொக்கியை ஒரு விரற்கடை தாழ்த்துங்கள். இந்த ஐந்து நிமிட வேலைதான் பலகையைத் தூக்கும்.

6. இடம் மிச்சமிருக்கிறதே என்று சொல்லைப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். இழுத்தால் நெட்டுக்கோடு மட்டும் பருக்கும், படுக்கைக்கோடு அப்படியே நிற்கும், தூரிகையின் கோணக் கணக்கே கெட்டுப்போகும். ‘போல்டு’ பொத்தானும் அப்படித்தான், மெலிந்த இடத்தையும் தடித்த இடத்தையும் ஒரே அளவு ஊதவைக்கும். இடம் நிரப்ப வேண்டுமானால் சொல்லை 5 முதல் 8 பாகை வரை மேல்நோக்கிச் சுழற்றுங்கள், அல்லது கடைசி எழுத்தின் அடியிலிருந்து ஒரு தூரிகை வீச்சைக் கோடாக ஓட்டுங்கள்.

7. வெள்ளை வெளிக்கோடு கொடுக்கும்போது மூலை வகையை ‘ரவுண்ட்’ என்று வையுங்கள். ‘மைட்டர்’ என்றே விட்டால் தூரிகையின் சொரசொரப்பான விளிம்பு ஒவ்வொன்றிலிருந்தும் முள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். வெளிக்கோட்டை எழுத்துக்குப் பின்னால் தனி அடுக்காக வையுங்கள், இல்லையேல் மெலிந்த கோடுகளைத் தின்றுவிடும்.

8. அனுப்புவதற்கு முன் கர்வ் ஆக்குங்கள். கோரல்டிராவில் கண்ட்ரோல் க்யூ, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் ஷிப்ட் ஓ. திருத்தக்கூடிய பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். கர்வ் ஆன ‘காபி’யை ‘காப்பி’ ஆக்கச் சொல்லி மறுநாள் கடைக்காரர் வருவார்.

இரு மொழிப் பலகையானால் தமிழ் மேலேயும் பெரியதாகவும் இருக்க வேண்டும். கடைப் பலகைக்குத் தமிழ்நாட்டு விதியே அதுதான். இரண்டுக்கும் தூரிகை போட்டால் ஒன்றுக்கொன்று மல்லுக்கு நிற்கும், ஆங்கிலத்துக்கு நேரெழுத்து போதும்.

இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும் தொல்லை

ஸ்டிக்கர் கட்டிங்குக்கு அனுப்பினால் ஒட்டும் எழுத்துகளை முதலில் ‘வெல்ட்’ செய்து ஒரே உருவமாக்குங்கள். திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு எழுத்தின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். பிளாட்டர் கத்தி இரண்டையும் வெட்டும், ஒட்டிய இடத்தில் எழுத்து துண்டாகிப் பிய்ந்து வரும். உலர் தூரிகை ஃபாண்ட்டை வினைலில் வெட்டச் சொல்லவே கூடாது. ஒரு எழுத்தில் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டி வெள்ளைத் தீவுகள் இருக்கும், அவற்றை ஊசியால் பொறுக்கி எடுக்க வேண்டிய ஆள் உங்களைத் தேடி வருவார்.

பத்திரிகையில் மணமக்கள் பெயரைத் தூரிகையில் 28 முதல் 36 புள்ளி வரை வைக்கலாம். 18க்குக் கீழே போகாதீர்கள். ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் உடல் உரை 11 அல்லது 12 புள்ளி நேரெழுத்தில்தான் வர வேண்டும். சொந்தபந்தங்களின் பெயர்ப் பட்டியல் முழுவதும் தூரிகையில் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் மாதிரி அச்சடித்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள், கண்ணாடியைத் தேடி எழுவார், பேச்சு முடிந்துவிடும். தங்க ஃபாயில், ஸ்க்ரீன் பிரிண்டிங் இரண்டிலும் 0.3 மில்லிமீட்டருக்கு மெலிந்த கோடு அறுந்து வரும். கர்வ் ஆக்கிய பிறகு மிக மெலிந்த இடத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள், குறைந்தால் எழுத்தைப் பெரிதாக்குவதுதான் வழி. அடர்ந்த அரக்குப் பின்னணியில் வெள்ளையாக விடும்போது மை பரவி மெலிந்த கோடு இன்னும் மெலியும், அங்கே ஒரு படி தடித்த ஃபாண்ட் வேண்டும்.

அக்ரிலிக் எழுத்துக்குள் எல்இடி வைப்பதாக இருந்தால் செய்பவரிடம் மாட்யூலின் (விளக்குத் துண்டின்) அகலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எழுத்தின் மெலிந்த கோடு அதைவிடக் குறுகலானால் அந்த இடம் இருட்டாக நிற்கும், ராத்திரியில் ‘ணி’ ‘னி’ ஆகும். புள்ளி தனித் துண்டு என்பதால் அதற்குத் தனி ஒயர் போக வேண்டும், விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

மருந்துக்கடையின் அறிவிப்பு, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றுக்குத் தூரிகை வேண்டாம்.

ஃபாண்ட் கிடைக்காதபோது

தமிழில் நல்ல தூரிகை எழுத்துரு எண்ணிக்கையில் குறைவுதான். இரண்டே சொல்தான் வேண்டும் என்றால் ஃபாண்ட் தேடி அலைவதைவிட, ஊரில் மிஞ்சியிருக்கும் பலகை ஓவியர் ஒருவரிடம் எழுதி வாங்குவது பல சமயம் மேல். கனமான வெள்ளைத் தாள், கறுப்பு இந்தியன் இங்க், 12ஆம் எண் பட்டைத் தூரிகை ஒன்று, 6ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்று போதும். மெல்லிய தாள் ஈரத்தில் சுருங்கி விளிம்பைக் கெடுக்கும். இறுதியில் வேண்டிய அளவில் அல்ல, உடல் உயரம் 2 அங்குலமாக எழுதச் சொல்லுங்கள். சொல்லை ஒரே மூச்சில், குறைந்தது பத்து முறை எழுதட்டும். முதல் மூன்றில் கை இறுக்கமாக இருக்கும், அவற்றை விட்டுவிடலாம். ஒரு பிரதியில் ‘வெ’ நன்றாகவும் இன்னொன்றில் ‘லை’ நன்றாகவும் வந்திருந்தால் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டும் ஒரே தூரிகையில் எழுதியவையாக இருக்க வேண்டும்.

முழுக்க உலர்ந்த பிறகு 600 டிபிஐயில் கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்யுங்கள். கைபேசியில் படமெடுத்தால் ஒரு பக்கம் நிழல் விழுந்து அந்தப் பக்கக் கோடு தடித்துவிடும். லெவல்ஸில் வெள்ளையையும் கறுப்பையும் பிரித்து, டிரேஸ் செய்து (கோட்டுருவாக மாற்றி), தூசிப் புள்ளிகளை நீக்குங்கள். நீக்கும்போது அவசரத்தில் ‘ற்’ மேலிருக்கும் புள்ளியையும் சேர்த்து அழித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஓவியரிடம் வாங்கிய மூலத்தாளை உறையில் போட்டுக் கடைப் பெயர் எழுதி வையுங்கள், அடுத்த கிளை திறக்கும்போது அதே கைதான் வேண்டும் என்பார்கள்.